அலகும் அளவு கருவியும்

அளத்தல் என்பது ஒரு பொருளை அதனோடு ஓரினமான நியம அளவு ஒன்றுடன் ஒப்பிடுதலாகும். அந்நியம அளவே அலகு எனப்படும். எப்பொருளை எவ்வலகால், எக்கருவி கொண்டு அளத்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் அலகை நோக்குவோம். யாழ்ப்பாணத்தார் காணியைப் பரப்புக் கணக்கிற் கூறுவர். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றராகும். நான்கு பரப்புக் காணி என்றால் எவர்க்கும் விளங்கும். அதனையே ஏறத்தாழ ஒரு கோடிச் சதுர சதமமீற்றர் என்பது பிழையன்று. ஆயினும் அவ்வெண்ணை மனம் பற்றாது. எழுதுங்கால் ஒரு பூச்சியம் விடுபடினும் கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின், பொருளின் பருமனுக்கு இயைந்த சிற்றெண்ணைத் தரும் அலகே சிறந்தது.

இனிக் கருவியை நோக்குவோம். ஒரு கருவி காட்டவல்ல மிகச் சிறிய அளவு அதன் இழிவெண்ணிக்கை எனப்படும். மீற்றர்க்கோலுக்கு அது 1 மில்லிமீற்றர். பாடசாலைகளில் வழங்கும் வேணியர் இடுக்கிமானிக்கு 0.1 மில்லிமீற்றர், நுண்மானித் திருகுக்கணிச்சிக்கு 0.01 மில்லிமீற்றர். 120 சதமமீற்றர் நீளமான மேசையை மீற்றர்க்கோலால் அளக்கையில் 1 மில்லிமீற்றர் வழு நேரினும், அது 1200இல் ஒரு பங்கே. ஆனால் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பிக்கு அக்கோல் பயன்படாது. இடுக்கிமானியால் அளப்பின் நூற்றுக்கு 20 வரை வழு நேரலாம். திருகுக்கணிச்சியால் அளப்பின் அது நூற்றுக்கு 2 ஆகக் குறையும். எனவே கருதற்பாலது வழுவின் பருமனன்று. பொருளின் அளவில் அவ்வழு எத்தனையில் ஒரு பங்கு என்பதே.

நுண்கருவி இல்லாவிடத்தும் வழியுண்டு. ஒரு தாளின் தடிப்பைக் கோலால் அளத்தல் இயலாது. 200 தாள்களை இறுக அடுக்கி அளந்து, வந்த அளவை 200ஆல் வகுக்க. அடுக்கு 20 மில்லிமீற்றராயின் தாளொன்றின் தடிப்பு 0.1 மில்லிமீற்றராகும். கோலில் நேரும் 1 மில்லிமீற்றர் வழுவும் 200 கூறாகப் பிரிந்துவிடும்.

இவ்விதி ஆய்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. வாளித் தண்ணீரில் 1 மில்லிலீற்றர் கூடினாற் கேடில்லை. 2.5 மில்லிலீற்றர் மருந்து கொடுக்கவேண்டிய குழந்தைக்கோ அதே 1 மில்லிலீற்றர் நூற்றுக்கு 40 மிகையாகும். அடுக்களைக் கரண்டிகள் யாவும் ஓரளவின அல்ல. ஆதலின், அளவு குறித்த ஊசியில்லாச் சிறிஞ்சினாலேயே இத்தகைய மருந்தை அளத்தல் வேண்டும்.

இறுதியாக, மாணவர் மனங்கொள்ள வேண்டியதொன்றுண்டு. கணிப்பொறி பத்துத் தானங்களைக் காட்டலாம். கருவி தராத தானத்தை விடையில் எழுதுதல் திருத்தமாகாது. கருவி கண்ட அளவையே கூறி, அதற்கு அப்பால் அமைவதே அளப்போனின் நேர்மையாகும்.