கண்ணாடி கற்பித்த பாடம்

மேசைமேலுள்ள எழுதுகோலை எடுக்கக் கை நீட்டுகின்றோம். கண் இடத்தைக் காட்டுகின்றது. மூளை தொலைவை மதித்துத் தசைகளை ஏவுகின்றது. கை சென்ற இடம் சரியோ பிழையோ என்னும் செய்தி மீண்டும் மூளையைச் சேர்கின்றது. இவ்வேவலும் மறுமொழியும் நிகழுமாற்றை ஆராயும் கூடங்கள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள. அத்தகைய கூடமொன்றிற் சேர நம் கல்லூரி மாணவர்க்கு இயலுமோ? இயலும் என்பதே எமது துணிபு. அங்கு வேண்டப்படும் முதற்பொருள் நல்ல வினா. விலையுயர்ந்த பொறிகள் அதற்குப் பின்னரே வருவன. இதனைத் தமிழர் ஒருவரின் ஆய்வுகொண்டு விளக்குவாம்.

வி. எஸ். இராமச்சந்திரன் 1951இல் தமிழகத்திற் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். மாணவராயிருந்தபோதே, 1972இல், காட்சிப்புலன் பற்றிய அவரது கட்டுரை 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளிவந்தது. பின்னர் கேம்பிரிட்ஜிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திற் சேர்ந்தார்.

கையிழந்தோர் பலர்க்கு அக்கை இன்னும் இருப்பதுபோன்ற உணர்வு நீங்குவதில்லை. சிலர்க்கு அம்மாயக்கை இறுகப் பொத்திய முட்டியாய் நின்று நோவு தருகின்றது. இல்லாத கையை விரிப்பதெங்ஙனம்? இராமச்சந்திரன் ஒரு கருத்தை முன்வைத்தார். மூளை 'விரி' என ஏவுகின்றது. 'விரிந்தேன்' என்னும் மறுமொழி வருவதில்லை. ஆதலின் அக்கை அசையாதென மூளை கற்றுக்கொண்டிருக்கலாம். கண் வழியே அம்மறுமொழியைக் கொடுத்தால் என்ன?

மேசைமீது ஒரு கண்ணாடியை நிமிர்த்தி நிறுத்தினார். நோயாளர் தம் நலமுள்ள கையின் விம்பத்தை நோக்க, இழந்த கை இருந்த இடத்தில் ஒரு கை தோன்றிற்று. அவரும் டயேன் ரொஜர்ஸ் இராமச்சந்திரனும் 1996இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆராயப்பட்ட 10 பேரில் 6 பேர் மாயக்கையும் அசைவதாக உணர்ந்தனர். முட்டி இறுகும் நோவுடைய 5 பேரில் 4 பேர்க்கு அது தணிந்தது.

இங்கு மாணவர் ஒன்றை ஐயுறல் வேண்டும். நோவு தணிந்தது கண்ணாடியாலோ, குணமாகும் என்னும் நம்பிக்கையாலோ? 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காலிழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. ஒரு குழுவினர் கண்ணாடியை நோக்கினர். மற்றொரு குழுவினர் மூடிய கண்ணாடியின்முன் பயின்றனர். மூன்றாங்குழுவினர் அசைவை மனத்தாற் கற்பனை செய்தனர். கண்ணாடியை நோக்கியோர்க்கே நோவு தெளிவாகக் குறைந்தது. எனினும், பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருபடித்தாயில்லை. ஒப்பிட்டுச் சோதித்தலும், முடிவை மீண்டும் ஐயுறுதலுமே ஆராய்ச்சிக்கூடத்தின் ஒழுக்கமாகும்.

இஃது எங்கோ உள்ளார் கதையன்று. 2009இல் முடிந்த போரிலே கைகால் இழந்தோர் நம் நாட்டிற் பலர். பாரிசவாதத்தால் ஒருபுறம் தளர்ந்தோர் மாத்தளையின் தோட்டக் குடியிருப்புகளிலும் நகரத்து வீடுகளிலும் உளர். அவர்தம் கைப்பயிற்சிக்கும் கண்ணாடி இன்று பயன்படுத்தப்படுகின்றது. அவர்கள் மொழியறிந்து, அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டுக் குறிக்கும் ஆய்வாளர் நம்மிடையே தோன்றல் வேண்டும்.

இத்துறைக்கு வாயில்கள் பல. உயிரியல் கற்றோர் மருத்துவம், இயன்மருத்துவம் வழியாகவும், கணிதம் கற்றோர் பொறியியல் வழியாகவும் புகலாம். இவற்றைக் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் நமக்கு அண்மையிலேயே உளது. பேராசிரியர்க்குக் கடிதம் வரைவோர் தம் புள்ளிகளை அடுக்குவதோடு அமையாது, அவர்தம் கட்டுரையொன்றைக் கற்று, அதில் எழுந்த ஐயத்தைத் தெளிவுற எழுதுக.

அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளமையால், தமிழிற் கற்ற மாணவர் அஞ்சிப் பின்னிடுதலை யாம் கண்டுள்ளோம். ஆங்கிலம் முயன்று கற்கத்தக்கதே, கற்றலும் வேண்டும். ஆயினும், தமிழிலே தெளிவாக எண்ணுவோன் வேண்டிய சொல்லை அகராதியிற் பெறுவான். தெளியாத எண்ணத்திற்கு எவ்வகராதியும் உதவாது. ஆதலின் மாணவர்காள், இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குமின். கண்டதையும் ஐயுற்றதையும் நாள்தோறும் எழுதுமின். அவ்வழியே சென்ற பழைய மாணவர் எவரேனும் இருப்பின், இளையோர்க்கு ஒரு கடிதமேனும் எழுதி வழிகாட்டுவாராக.