வரையாத எல்லை

அடுத்தடுத்த வயல்களை உழுவோர் இருவர், வரப்பு எங்குள்ளது என்பதில் ஒன்றுபடாராயின் அவர்தம் நட்பு எத்துணைக் காலம் நிலைக்கும்? இந்தியா, சீனா ஆகிய பெருநாடுகளின் உறவை அறியப் புகும் மாணவர் முதற்கண் இவ்வினாவை எழுப்புதல் வேண்டும்.

1950ஆம் ஆண்டில் இவ்விரு நாடுகளும் தூதுறவு பூண்டன. 1954இல் பஞ்சசீலம் என்னும் ஐந்து நெறிகளை ஏற்றன. ஒருவர் நிலப்பரப்பை மற்றவர் மதித்தல் அவற்றுள் முதலாவதாகும். ஆயினும், அந்நெறிகள் இடம்பெற்ற ஒப்பந்தம் திபெத்து வாணிகத்தையும் யாத்திரையையும் பற்றியதே. எல்லை எதுவென அது கூறிற்றில்லை. அக்குறையே பகைக்கு வித்தாயிற்று. 1962 அக்டோபர் 20ஆம் நாள் போர் மூண்டது. ஒரு திங்கள் கழித்துச் சீனா தானே போரை நிறுத்தியது. முறிந்த உறவு ஒட்டுதற்கு நெடுநாள் ஆயிற்று. 1976இல்தான் தூதுவர்கள் மீண்டும் அமர்த்தப்பெற்றனர். 1988இல் பிரதமர் இராஜீவ் காந்தி பீகிங் சென்று வந்த பின்னரே பேச்சு விரைந்தது.

இனி, மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது 1996ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆகும். இரு படைகளும் தத்தம் கைவசம் வைத்துள்ள நிலங்களைப் பிரிப்பது மெய்யான கட்டுப்பாட்டுக் கோடு எனப்படும். அக்கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர்க்குள் எவரும் சுடலாகாது, வெடி வைத்தலாகாது, துப்பாக்கி ஏந்தி வேட்டையாடுதலும் ஆகாது என அவ்வுடன்படிக்கை விதித்தது. வேட்டைக்கும் விதி வகுத்தவர்கள் கோட்டை வகுத்திலர் என்பது வியப்பன்றோ! வரைபடங்களை மாற்றிக்கொள்ளும் பணி நடுப்பகுதியோடு நின்றது. மேற்கே இலடாக்கில் அது முற்றுப்பெறவில்லை.

2019 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்களும் நம் மாமல்லபுரத்துச் சிற்பங்களிடையே உலாவி உரையாடினர். எட்டுத் திங்கள் சென்றன. 2020 சூன் 15ஆம் நாள் இரவு, இலடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் கைகலந்தன. துப்பாக்கி வெடிக்கவில்லை, கல்லும் தடியுமே கருவிகளாயின. இந்திய வீரர் இருபதின்மர் உயிர் நீத்தனர். தம் தரப்பில் நால்வர் மாண்டதாகச் சீனர் மறு ஆண்டில் அறிவித்தனர். உடன்படிக்கை சுடுதலைத் தடுத்தது, சாவைத் தடுக்கவில்லை.

வாணிகமோ இதனால் தளரவில்லை; 2021-22ஆம் ஆண்டில் அது 10,000 கோடி டாலரைக் கடந்தது. 2024 அக்டோபரில், தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் காவற்படைகள் சுற்றி வருதற்குரிய முறை பற்றி இரு தரப்பாரும் இசைந்தனர். ஐந்தாண்டு தடைப்பட்டிருந்த கயிலை யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், எல்லை வரையறைக்கு வழி காண வல்லுநர் குழுவொன்றை அமைக்கவும் உடன்பட்டனர்.