வண்டி கிளம்பும் முன் பில்

இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயம் என்றதும் முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாமுங்க?" அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன். திருப்பூரில் துணி வியாபாரமும் நிட்டிங், காம்பாக்டிங் ஜாப் ஒர்க்கும் சேர்த்துச் செய்கிற நடுத்தர யூனிட்டுகளின் கணக்கைப் பார்ப்பது என் தொழில். டேலி மாதிரியான மென்பொருளில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. மாற வேண்டியது, குடோனுக்கும் ஆபீசுக்கும் நடுவே வேலை நடக்கிற வரிசை.

முதலில், விதி நமக்குப் பொருந்துமா? 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. நடப்பு ஆண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. 2017-18 முதல் முடிந்துபோன ஏதாவது ஒரு நிதியாண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலே போதும். பிறகு வியாபாரம் படுத்திருந்தாலும் விலக்கு இல்லை. ஒரே பான் எண்ணில் திருப்பூரில் ஒன்று, பெங்களூருவில் ஒன்று என இரண்டு பதிவு இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். ஏற்றுமதியும் வரிவிலக்குள்ள விற்பனையும் இதில் சேரும். தளத்தில் நம் எண் இன்னும் திறக்கவில்லை என்று காத்திருப்பது ஆபத்து, பொறுப்பு நம்முடையது. தளம் தரும் அந்தப் பதிவு எண்ணான ஐஆர்என் இல்லாத பில், சட்டத்தின் பார்வையில் பில்லே இல்லை. வாங்குகிறவருக்கு உள்ளீட்டு வரி சிக்கலாகும் என்பதால், அவரே பணத்தை நிறுத்திவைப்பார்.

அடுத்து பார்ட்டி மாஸ்டர், அதாவது வாங்குகிறவர்களின் விவரப் பட்டியல். அதிக உழைப்பு கேட்பது இதுதான். வருடக்கணக்காகச் சேர்ந்த முகவரிகளில் பாதி அரைகுறையாக இருக்கும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, கேரளா 32. பாலக்காட்டுப் பார்ட்டிக்குத் திருப்பூர் பின்கோடு போட்டிருந்தால் தளம் பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். ரத்தான ஜிஎஸ்டி எண்ணையும் ஏற்காது. அதனால் அதிகம் வாங்கும் பார்ட்டிகளில் தொடங்கி, ஒவ்வொருவரின் எண்ணையும் ஜிஎஸ்டி தளத்தில் தேடி, பதிவான பெயரோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால், பொருள் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் கோடு 6 இலக்கத்தில் வேண்டும். பில் எண் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

ஜாப் ஒர்க்கில் ஒரு தெளிவு. துணி டெலிவரி சலானில் (டி.சி.) திரும்பிப் போகலாம், டி.சி.க்கு ஐஆர்என் தேவையில்லை. பதிவுள்ள பார்ட்டிக்குப் போடும் கூலி பில்லுக்குக் கட்டாயம் தேவை.

இனி, பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் வண்டி கிளம்பிய பிறகுதான் பல விஷயம் முடிவாகும். ஜிஎஸ்எம் குறைகிறது, ஷேடு ஒத்துவரவில்லை, எடை இரண்டு கிலோ கம்மி என்று பார்ட்டி போன் செய்வார். பழைய பில்லைக் கிழித்து, அதே எண்ணில் புது ரேட் போட்டு அனுப்புவது வழக்கம். இ-இன்வாய்ஸில் அந்த வழி அடைபட்டுவிட்டது. தளத்தில் பதிவான பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் முழுதாக ரத்து செய்யலாம், அவ்வளவுதான். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. சரக்கோடு போகும் இ-வே பில் உயிரோடு இருந்தால், முதலில் அதை ரத்து செய்தாக வேண்டும். நேரம் கடந்துவிட்டால் கிரெடிட் நோட்தான். ஜிஎஸ்டியைக் குறைத்துப் போடும் கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வாங்க வேண்டும்.

இது தொழிலுக்கு நல்லது என்று நான் மனதார நம்புகிறேன். எடையும் ரேட்டும் லோடு ஏற்றும் முன்பே பேசி முடிவாகின்றன. நான் பார்த்த யூனிட்டுகளில் பலன் தந்த ஏற்பாடு இது: எடைச்சீட்டு குடோனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஆபீசுக்கு வரும், பார்ட்டி ரேட்டை உறுதி செய்வார், பில் தளத்தில் பதிவாகி, க்யூஆர் கோடு அச்சான தாள் டிரைவர் கையில் கிடைத்த பிறகே கேட் திறக்கும். "லாரி நிக்குதுங்க, சீக்கிரம் போடுங்க" என்று சத்தம் வரத்தான் செய்யும். லோடுமேன், சூப்பர்வைசர் எல்லோரையும் உட்காரவைத்துக் காரணத்தை விளக்கிச் சொன்ன யூனிட்டுகளில் அந்தச் சத்தம் சீக்கிரமே அடங்கியது.

ஓடிபி விஷயத்தையும் முன்கூட்டியே தீர்த்துவையுங்கள். 2025 ஏப்ரல் முதல் தளத்தில் நுழைய எல்லோருக்குமே இரண்டடுக்குச் சரிபார்ப்பு உண்டு. பதிவான செல் எண் பல இடங்களில் முதலாளியுடையதாகவோ ஆடிட்டர் ஆபீஸுடையதாகவோ இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு லோடு நிற்கும்போது அவர்களை எழுப்ப முடியாது. பில் போடுகிறவருக்கு அவருடைய எண்ணிலேயே துணைப் பயனர் கணக்கு திறந்து கொடுங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அதை முடக்குங்கள்.

விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கெடு: பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும். கிரெடிட் நோட்டுக்கும் இதே கணக்குதான். எனவே திரும்பி வரும் துணியைக் குடோனில் மாதக்கணக்கில் போட்டுவைக்காமல், வந்த அன்றே ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை ஆபீசில் முடித்துவிடுங்கள்.