கஸ்பாவின் கைதி: 'பெப்பே ல மோக்கோ' – ஒரு திறனாய்வு

முன்னுரை

கள்வனைப் பிடிக்கும் திறத்தைக் கூறும் கதைகள் பல. அவன் உள்ளத்தைத் திறந்து காட்டுவன சில. பிரெஞ்சு இயக்குநர் ழூலியன் துவிவியேயின் 'பெப்பே ல மோக்கோ' (1937) என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. இப்படத்தில் கதை நிகழும் இடம் கதையையே இயக்குமாற்றையும், அவ்விடத்தின் மக்கள் காட்டப்பெறும் முறையையும் இங்குக் காண்போம்.

கதைக்களம்

அல்ஜியர்ஸ் நகரின் பழம்பகுதி கஸ்பா. கோட்டையைக் குறிக்கும் இவ்வரபுச் சொல், வேலூரிலும் ஒரு பகுதியின் பெயராக வழங்குவதை நாம் அறிவோம். துறைமுகத்தை நோக்கிய சரிவு, படிக்கட்டுத் தெருக்கள், ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மாடிகள் ஆகியவற்றால் ஆனது அது. பிரான்சின் காவலரிடமிருந்து தப்பி வந்த கள்வன் பெப்பே (ழான் கபேன்) இங்கு ஒளிந்து வாழ்கிறான். காவலர் உள்ளே புகுந்து அவனைப் பிடிக்க இயலவில்லை. அவனும் வெளியேற இயலவில்லை. அடைக்கலம் தந்த இடமே அவனுக்குச் சிறையாகிறது.

காதலும் ஊர் ஏக்கமும்

பாரிசிலிருந்து வந்த காபி என்பவளைக் காணும் பெப்பேயின் கண், முதலில் அவள் அணிகலன்களின்மீதே படிகிறது. பின்னர் இருவரும் பாரிசின் இடப்பெயர்களை மாறிமாறிச் சொல்லி மகிழ்கின்றனர். அவன் அவளிடம் காண்பது இழந்த ஊரையே. முதுமையுற்ற பாடகி தானியா, தன் பழைய இசைத்தட்டை ஓடவிட்டு, உடன்பாடிக் கண்ணீர் உகுக்கும் காட்சியும் இவ்வேக்கத்தையே உணர்த்துகிறது.

இதனை நன்கறிந்தவர் காவல் ஆய்வாளர் ஸ்லிமான். ஏக்கமே பெப்பேயை வெளிக்கொணரும் என அவர் பொறுமையுடன் காத்திருக்கிறார். அவன் இறந்துவிட்டதாகக் காபியிடம் கூறி, அவளை ஊர் திரும்பச் செய்கிறார். அவளைத் தேடித் துறைமுகத்திற்கு இறங்கும் பெப்பேயை, அவனை நேசித்த இனெஸ் பொறாமையால் காட்டிக்கொடுக்கிறாள். விலங்கிடப்பட்டவன் கம்பிக்கதவருகே நின்று காபியை அழைக்கிறான். கப்பலின் சங்கொலி அக்குரலை விழுங்கிவிடுகிறது. அங்கேயே கத்தியால் தன்னை மாய்த்துக்கொள்கிறான். 1938இல் 'அல்ஜியர்ஸ்' என்னும் பெயரில் அமெரிக்கர் மீண்டும் எடுத்த படத்தில் அவன் காவலர் குண்டுக்கு இரையாகிறான். அங்கு அவனை வீழ்த்துவது சட்டம். இங்கோ அவனது ஏக்கம்.

குரலற்ற மக்கள்

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் நேர்மையன்று. 1830இல் பிரான்ஸ் கைப்பற்றத் தொடங்கிய அல்ஜீரியா, 1962இல்தான் விடுதலை பெற்றது. தொடக்கத்தில் கஸ்பாவின் மக்களை இனம் இனமாக அடுக்கும் விவரிப்பில் அரபியர் பெயரே இடம்பெறவில்லை. ஸ்லிமானாக நடித்தவர் ருமேனியாவிலும், இனெசாக நடித்தவர் பிரான்சிலும் பிறந்தவர்கள். தெருக்களுள் பல, பாரிசை அடுத்த ழுவான்வில் படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்டவை. பெப்பேக்குச் சிறையாய்த் தோன்றும் கஸ்பா, ஆயிரக்கணக்கானோர்க்குப் பிறந்த வீடு. அவர்களின் குரலைப் படம் கேட்கவில்லை. இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்தெகோர்வோ 1966இல் உண்மையான கஸ்பாவிலேயே எடுத்த 'அல்ஜியர்ஸ் போர்' படத்தில்தான் அம்மக்கள் கதையின் நடுவிடத்தைப் பெற்றனர்.

முடிவுரை

ஊரைப் பிரிந்தவனின் துயரைத் துவிவியே உள்ளம் உருகக் காட்டினார். ஆனால் தம் ஊரிலேயே உரிமையிழந்து நின்றோரின் துயர் அவர் படத்தில் இடம்பெறவில்லை. படைப்பொன்றைக் கற்கும் மாணவர், அதில் பேசுவோரோடு பேசாதோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதுவே நடுவுநிலை பிறழாத திறனாய்வு என்பது நம் துணிபு.