மலிவான உதிரிபாகம் லாபமா, நட்டமா?

பம்புசெட் மோட்டார்களில் போடப்படும் 6305 எண் பேரிங் கடைகளில் பல விலைகளில் கிடைக்கிறது. உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 62 மி.மீ., அகலம் 17 மி.மீ. என்ற அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பளபளப்பும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். அளவு ஒன்றாக இருக்கும்போது அதிக விலை எதற்கு என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. மண்வெட்டி, அரிவாள் முதல் டிராக்டர், பவர் டில்லர் பாகங்கள் வரை இதே கேள்விதான் எழுகிறது.

நல்ல தயாரிப்பில் கூடுதல் விலை மூன்று காரியங்களுக்காகப் போகிறது. முதலாவது, உலோகத்தின் தரம். இரண்டாவது, உலோகத்துக்குச் சூட்டினால் ஏற்றப்படும் பதம். மூன்றாவது, அளவின் துல்லியம். இந்த மூன்றும் கடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலையில்தான் தெரியவரும்.

மண்வெட்டியின் வாய்

இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அதன் உறுதியை நிர்ணயிக்கிறது. சாதாரண மெல்லிரும்பில் கரி 0.25 சதவீதத்துக்கும் குறைவு. இதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் போதிய கடினம் ஏறாது. இதில் செய்த மண்வெட்டியின் வாய் சரளை மண்ணில் சீக்கிரம் மழுங்கும்; கல்லில் பட்டால் மடங்கும். கரி 0.5 சதவீதத்துக்கு மேல் உள்ள எஃகில் துவைச்சல் கொடுத்தால் நன்றாகக் கடினப்படும். துவைச்சல் மட்டும் போதாது. கடினம் அதிகமானால் வாய் தெறித்துவிடும். ஆகையால் மறுபடியும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கும் ஆகும் எரிபொருள், நேரம், திறமை ஆகியவற்றின் செலவு விலையில் சேர்கிறது.

காம்பு நுழையும் கண்ணையும் பார்க்க வேண்டும். தகட்டையும் கண்ணையும் ஒரே இரும்பில் அடித்துச் செய்த மண்வெட்டி நீடித்து உழைக்கும். சரியாகப் பற்றவைக்காத மண்வெட்டி அந்த இணைப்பில்தான் முதலில் விடும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் மண்வெட்டி ஓர் ஆண்டு உழைக்கிறது; 550 ரூபாய் மண்வெட்டி நான்கு ஆண்டுகள் உழைக்கிறது. நான்கு ஆண்டுகளில் முதலாவதற்கு ஆகும் செலவு 1,200 ரூபாய். இரண்டாவதற்கு 550 ரூபாய் மட்டுமே. மழுங்கிய மண்வெட்டியால் வரப்பு கழிப்பவர் அரை நாள் வேலைக்கு ஒரு நாள் எடுத்துக்கொண்டால், அந்தக் கூலி நட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பேரிங் போனால் மோட்டாரும் போகும்

நல்ல பேரிங்கின் குண்டுகளும் வளையங்களும் ஏறத்தாழ 1 சதவீதம் கரியும் 1.5 சதவீதம் குரோமியமும் கலந்த தனி வகை எஃகினால் ஆனவை. ஒரே பேரிங்கில் உள்ள குண்டுகளுக்கிடையே அளவு வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். அப்போதுதான் பாரம் எல்லாக் குண்டுகளின் மீதும் சீராக விழும். மட்டமான பேரிங்கில் ஒரு சில குண்டுகளே பாரத்தைத் தாங்கும். அவை செதில் செதிலாகப் பெயர்ந்து, பேரிங்கில் ஆட்டம் கண்டுவிடும்.

இந்தச் சிறிய ஆட்டம் பெரிய சேதத்தில் முடிகிறது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள நிலையான பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி சிறிய மோட்டார்களில் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருப்பதில்லை. பேரிங் தேய்ந்தால் சுழலும் பகுதி உரசும், சூடு ஏறும், காயில் எரியும். பேரிங்கில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். காயில் கட்டப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

பணத்தோடும் இந்த நட்டம் நிற்பதில்லை. நெல் பூக்கும் சமயத்தில் மோட்டார் பட்டறையில் கிடந்தால் வயல் காயும். அந்தப் பருவத்தில் தண்ணீர் தட்டினால் மணி பிடிக்காமல் பதராகும். பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் பதர் மணியாகாது. மின்சாரம் இலவசம் என்பதால் பம்புசெட் பழுதில் நட்டம் குறைவு என்று நினைப்பது தவறு.

பில்டரும் புழுதியும்

2.5 லிட்டர் கொள்ளளவுள்ள டிராக்டர் என்ஜின், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. புழுதி உழவில் அந்தக் காற்றோடு நுண்மணலும் வருகிறது. மணல் துகள் என்ஜின் லைனரின் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் லைனர், பிஸ்டன் ரிங் இரண்டையும் அரம் போலத் தேய்க்கும். அதன்பின் என்ஜின் ஆயிலைக் குடிக்கும், புகை கக்கும், இழுவை குறையும்.

ஏர் பில்டரின் வடிகட்டும் தாள் மட்டமாக இருந்தாலும், ஓரத்து ரப்பர் சரியாகப் படியாவிட்டாலும் புழுதி உள்ளே புகும். ஆயில் பில்டரின் தாள் பரப்பு குறைவாக இருந்தால் சீக்கிரம் அடைபடும். அடைபட்டால், ஆயில் ஓட்டம் நின்றுவிடாமல் இருக்க, பைபாஸ் வால்வு திறந்து அழுக்கு ஆயிலையே உள்ளே விடும். பில்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

எங்கே செலவு செய்வது?

எல்லாப் பொருளையும் அதிக விலையில் வாங்கச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது, அவசியமும் இல்லை. எந்தப் பாகத்தை வாங்கும்போதும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: “இது கெட்டால் இதோடு வேறு எது கெடும்?” பேரிங், பில்டர், ஆயில் சீல், பிரேக் பாகங்கள் போன்றவை கெட்டால் தங்களைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருளையோ உயிரையோ இழுத்துச் செல்லும். இவற்றில் சிக்கனம் கூடாது. சீட்டு உறை, மட்கார்டு, டூல்பாக்ஸ் மூடி போன்றவை கெட்டால் அவை மட்டுமே கெடும். இவற்றில் மலிவானதை வாங்கலாம். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே எடுக்கும் கருவியும் அப்படியே.

விலை அதிகம் என்பதாலேயே தரம் உண்டு என்று சொல்ல முடியாது. லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர்க் கொல்லர் அடித்துத் துவைச்சல் போட்ட அரிவாள், கடையில் வண்ணம் பூசி விற்கும் அரிவாளைவிட நன்றாக உழைப்பதுண்டு. தரத்துக்குத்தான் விலை, வண்ணத்துக்கு அல்ல.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மண்வெட்டி, அரிவாளின் வாயில் அரத்தால் இலேசாகத் தேய்த்துப் பார்க்கவும். மெல்லிரும்பில் அரம் எளிதில் பற்றும். பதமேறிய எஃகில் அவ்வளவு எளிதில் பற்றாது.

2. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளில் முத்திரைக்கு மேல் தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். 1947-ல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் 1987-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய பின்னும் இந்த முத்திரை தொடர்கிறது. உரிம எண் உண்மையானதா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம்.

3. பெயர் பெற்ற பேரிங்குகளுக்கும் பில்டர்களுக்கும் போலிகள் உண்டு. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லுடன் வாங்கவும். பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தாலோ, எழுத்துப் பிழை இருந்தாலோ வாங்க வேண்டாம்.

4. பேரிங்கை ஷாப்டில் ஏற்றும்போது உள்வளையத்தின் மீதே விசை விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேரிங்கும் அதோடு பாழ்.

5. பேரிங் கூட்டின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் போதும். அடைத்து வைத்தால் சூடாகும்.

6. மாற்றிய தேதியையும் கொடுத்த விலையையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். எந்தப் பாகம் எத்தனை மாதம் உழைத்தது என்று தெரிந்தால், அடுத்த முறை எதை வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லும்.