இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்

கால்பந்து என்றவுடன் ஆண்கள் விளையாட்டு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சூலக்கரையில் மாலை வேளையில் பந்தைத் துரத்துவோர் நம் அண்ணன் தம்பியரே. நாம் ஓரமாக நின்று பார்ப்பவர்கள். ஆனால் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்ற மதுரை சேது அணி, நம் விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி அருகே புல்லூரிலுள்ள சேது பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

லீக் என்பது யாது? ஒருமுறை தோற்றவுடன் வெளியேறும் போட்டியன்று அது. ஒவ்வோர் அணியும் பிரிவிலுள்ள மற்ற எல்லா அணிகளுடனும் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. ஒரு நாள் தவறினாலும் மறுநாள் திருத்திக்கொள்ள இடமுண்டு.

இந்த லீக்கின் முதல் பருவம் 2016-17-இல் நடந்தது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. அடுத்த ஆண்டு ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ் அணி வென்றது. மூன்றாம் பருவம் 2019 மே மாதம் பஞ்சாபிலுள்ள லூதியானாவில் நடைபெற்றது. 12 அணிகள், இரண்டு பிரிவுகள். ஆறு அணிகள் தமக்குள் ஆடினால் 6 × 5 = 30; ஒரே ஆட்டம் இருமுறை எண்ணப்படுவதால் அதில் பாதி, 15. இரு பிரிவுக்கும் 30. அரையிறுதி 2, இறுதி 1. ஆக 33 ஆட்டங்கள்! மே 22 அன்று இறுதி ஆட்டத்தில் சேது அணி மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்றது. அணியின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்தும் ஒரு பெண்ணே. அதற்கு முந்திய ஆண்டு, 2018-இல், கட்டாக்கில் தமிழகப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆகியிருந்தது.

இங்கிலாந்தில் 1920-இல் ஒரு பெண்கள் ஆட்டத்தைக் காண சுமார் 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. அவை திறக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

எங்களுக்கு எவரும் தடை போடவில்லை. ஆயினும் பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடவேளை ஆகிவிடுகிறது. வீட்டிலோ, "வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாய்" என்கிறார் அம்மா. பெற்றோரே, ஆசிரியைகளே, வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள். தேர்வில் நாங்கள் பின்தங்க மாட்டோம். தங்கைகளே, பந்தை எடுங்கள், காரியாபட்டி வெகுதூரமன்று!