ஒரு வெள்ளி வைத்தியம்

சாஆ வட்டாரத்தில் காய்ச்சல், இருமலுக்கு முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். டாக்டர் பார்ப்பது, மருந்து எல்லாம் அதிலேயே அடக்கம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. மைகாட்டை மறக்காதீர்கள். வரிசை நீளம், அதற்குத் தயாராகப் போங்கள்.

அவசரத்துக்குத் தனியார் கிளினிக் போகிறீர்களா? 2025 மே 1 முதல் அங்கே மருந்து விலையைப் பார்வைக்கு வைத்தாக வேண்டும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை! கூச்சப்படாமல் கேளுங்கள். மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரை என்றால், மருந்துச் சீட்டை மட்டும் எழுதி வாங்கி ஃபார்மசியிலும் விலை விசாரியுங்கள்.

எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இனிப்புநீர், ரத்தக்கொதிப்புப் பரிசோதனை இலவசம். 40 நிரம்பிய கணவன் அல்லது மனைவியையும் கூட்டிப் போகலாம்.